அவன் வீட்டை விட்டுப் போகும்போது வரும் கிட்டார்

என் அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. நடவு வயலில் இந்த வரப்புக்கும் அந்த வரப்புக்குமாகப் பேசிப் பழகிய தொண்டை அது. அதனாலேயே அவளுக்குக் காது மந்தமாகி வருவது எங்களுக்கு நெடுநாள் தெரியவில்லை. சத்தமாகப் பேசுகிறவளுக்கு நாமும் சத்தமாகத்தானே பதில் சொல்லுவோம். பின்னால் வந்த டிராக்டருக்கு ஒதுங்காமல் நடுரோட்டில் நடந்து, டிரைவர் இறங்கி வந்து கத்திய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கத்தியதுகூட அவளுக்குப் பாதிதான் கேட்டதாம். மீதியை அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, நன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஆவணி மாதம் அவளைத் தஞ்சாவூருக்கு வரவழைத்து ஒரு காது மருத்துவரிடம் காட்டினேன். அவள் இன்னும் நன்னிலத்துப் பக்கம் எங்கள் ஊரிலேயே இருக்கிறாள், தன் மூன்று மா நிலத்தோடு, ஏக்கர் கணக்கில் ஒன்று. நான் சர்வேயராக ஊர் ஊராக நிலம் அளந்து முடித்து, ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவர் சின்னப் பெண். காதுகளைச் சோதித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். வலது காது போய்விட்டது. இடது காது போய்க்கொண்டிருக்கிறது. அறுப்பு வரைக்கும் தாங்கலாம், அதற்கு மேலும் தாங்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. கருவி வைத்துக்கொள்ளலாம், அது பேச்சுக்கு உதவும், பாட்டுக்கு அவ்வளவாக உதவாது. இத்தனையையும் நான் வராந்தாவில் நின்று அக்காவின் இடது காதுக்குள் கத்தினேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எங்கள் குடும்ப விவகாரத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

அழுவாள் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டீ குடித்தாள். கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"காது அடைக்கிறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு கேட்டுப்புடணும்டா தம்பி."

"என்னக்கா?"

"அந்தத் தந்தி வாத்தியம். அவன் வீட்ட விட்டுப் போறப்ப வருமே."

எந்தப் படம், எவன், எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் படத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, காதால் கேட்டதோடு சரி. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் ஒரு முழுப் படத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி, வசனமும் பாட்டுமாக ஒலிபரப்புவார்கள். ஒலிச்சித்திரம் என்று பெயர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த வீட்டில் விசேஷம் நடந்தாலும் ரேடியோ செட்டுக்காரர் மூங்கிலில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, கேசட்டில் பிடித்து வைத்த அந்த ஒலிச்சித்திரத்தைப் போடுவார். விசேஷம் ஒரு வீட்டில், படம் ஊர் முழுக்க. வயலில் இருப்பவர்களும் கேட்பார்கள். அந்தப் படத்தின் வசனம் எனக்கு இன்றைக்கும் வரிக்கு வரி தெரியும்.

கதை இதுதான். தகப்பன் மகனைப் பார்த்து, "இனி என் முகத்தில் முழிக்காதே" என்று கர்ஜிப்பார். உடனே எங்கிருந்தோ ஒரு கிட்டார் வரும். சாதாரணமாகச் சினிமாவில் வரும் கிட்டார் இல்லை. நகத்தால் தந்திகளை வாரி இறைக்கிற மாதிரி, நடுநடுவே மரத்தைத் தட்டுகிற மாதிரி, கோபமும் கெஞ்சலுமாக ஒன்று. அதற்கு நடுவில், தூரத்திலிருந்து, அந்தத் தாயின் குரல்: "சோறு ஆறுது... சோறு ஆறுது." மகன் திரும்பிப் பார்க்க மாட்டான். கிட்டார் முடியும்போது அவன் பட்டணத்தில் இருப்பான். அந்த இடத்தில் அழாத பெண்களை நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. இவ்வளவு பேசுகிற பெரிய சினிமாவில், மகனைப் பறிகொடுக்கும் தாய் சோற்றைப் பற்றி மட்டும் சொல்கிறாளே, என்ன எழுத்து என்று நானே பிற்பாடு பல பேரிடம் வியந்திருக்கிறேன்.

"அதுக்கென்னக்கா, செல்லுலயே இருக்கும், நாளைக்கே எடுத்துத் தர்றேன்" என்றேன். அக்காவை வண்டி ஏற்றிவிட்டேன். இவ்வளவு சுலபமான ஆசையா என்று எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

படம் மறுநாளே கிடைத்தது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகள் ஒரே நிமிடத்தில் தேடி அனுப்பினாள். நானும் என் மனைவியும் உட்கார்ந்து பார்த்தோம். குரலாகவே வாழ்ந்தவர்களை முகமாகப் பார்ப்பது எனக்கு அன்று முழுக்கச் சங்கடமாக இருந்தது. தகப்பன் இவ்வளவு குள்ளமாக இருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அவர் கர்ஜித்தார். முழிக்காதே என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கிட்டார் வரவில்லை.

அதற்குப் பதிலாக அந்தத் தாய் வந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினார். பத்து மாதம் சுமந்தது, பால் கொடுத்தது, நிலா காட்டியது எல்லாம் வந்தது. சோறு மட்டும் வரவில்லை. பின்னணியில் வயலின் அழுதது. மகன் போய்விட்டான்.

"நல்ல கட்டம்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எங்கடி கிட்டாரு?"

"என்ன கிட்டாரு? எப்பவும் இப்படித்தானே வரும். எங்க ஊர்ல இந்தக் கட்டத்துக்கு எல்லாரும் அழுவாங்க."

அவள் ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரி. அவளுக்கும் இந்தப் படம் ஒலிச்சித்திரமாகத்தான் தெரியும். அவள் கேட்ட தாய் வசனம் பேசினாள், நான் கேட்ட தாய் சோறு ஆறுது என்றாள். கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஒரே படத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அன்று எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தை விவரிக்க வேண்டாம். உங்களுக்கு ஊரோடு சேர்ந்து ஏதோ ஆயிருக்கு என்று அவள் சொன்னதோடு அது முடிந்தது.

மகளிடம் கேட்டேன். "நீங்க அதை ஹம் பண்ணி அனுப்புங்கப்பா, செல்லே கண்டுபிடிச்சிடும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு ஹம் செய்தேன். செல் ஒரு பல்பொடி விளம்பரத்தைக் காட்டியது. இரண்டாம் தடவை ஒரு அம்மன் பாட்டைக் காட்டியது. வேளாங்கண்ணிக்குப் போயிருந்தபோது, பூசையில் கிட்டார் வாசிக்கும் ஒருவரைப் பிடித்து அவரிடமும் பாடிக் காட்டினேன். அவர் தன்மையான மனிதர். "நீங்க பாடுறதுல மூணு பாட்டு இருக்குங்க. எந்தப் பாட்டு வேணும்?" என்று கேட்டார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அக்காவைப் பார்க்கப் போனேன். தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். மேலே மழை கொட்டி முழக்குகிறது, அவள் என்னிடம், "மழ விட்டுப்போச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "கெடச்சுதாடா?" என்றாள்.

"தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். அவள் என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. முப்பத்திரண்டு வருடம் சர்வேயர். எல்லைக்கல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றால் உடனே நிலமே இல்லை என்று யாராவது சொல்வார்களா? சுற்றி இருக்கும் கல்லையெல்லாம் பிடித்து, அளந்து அளந்து உள்ளே வர வேண்டும். அதை விட்டுவிட்டுச் செல்லில் பாடிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து முறையாக ஆரம்பித்தேன். மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் பக்கத்து ஊர்களையும் ஆற்றையும் வாய்க்கால்களையும் வரைந்தேன். சொந்தக்காரர்கள், பழைய சிநேகிதர்கள், பணியில் இருந்தபோது பழகியவர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் என்று ஐம்பத்தைந்துக்கு மேற்பட்ட எல்லாரிடமும் ஒரே கேள்வி: அந்தப் படத்தில் பையன் வீட்டை விட்டுப் போகும்போது என்ன வரும்? தந்தி வாத்தியம் என்றால் அந்த ஊருக்கு ஒரு வட்டம். அம்மா அழுவாங்க என்றால் ஒரு குறுக்குக்கோடு. கார்த்திகை முடியும்போது எழுபது எண்பது பேரைக் கேட்டிருப்பேன். உங்க வீட்டுக்காரருக்கு வேற வேலை இல்லையா என்று மனைவியிடம் விசாரித்தவர்களும் உண்டு.

தாளைப் பார்த்தபோது எனக்கே பிரமிப்பாக இருந்தது. வட்டங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடியிருந்தன. பதினான்கு ஊர். ஆற்றுப் பாலத்துக்குக் கிழக்கே ஒரு வட்டம்கூட இல்லை, அத்தனையும் குறுக்குக்கோடு. கிழக்கே ஒரே ஒரு ஊரில் ஒரு அம்மாள் மட்டும் தந்தி என்று சொல்லி என்னைக் குழப்பினார். விசாரித்தால், அவர் மேற்கேயிருந்து அங்கே வாக்கப்பட்டுப் போனவர். அந்தப் பதினான்கு ஊருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரே பாசன வாய்க்கால் இல்லை. ஒரே பஞ்சாயத்து இல்லை. ஒரே வருவாய் பிர்க்கா கூட இல்லை.

மனைவி வாழைப்பூ ஆய்ந்துகொண்டே தாளை எட்டிப் பார்த்தாள். "அந்த ஊருக்கெல்லாம் அப்ப ரேடியோ செட்டு கட்டுனது யாரு?" என்றாள்.

எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் செட்டு வாடகைக்கு விட்டது ஒரே ஒரு பாய். பாலத்துக்குக் கிழக்கே வேறொருவர். ஒருவர் ஊருக்குள் இன்னொருவர் குழாய் கட்ட மாட்டார், அது அவர்களுக்குள் ஒரு மரியாதை. கண்டுபிடித்தது என்னவோ அவள்தான் என்பதை இங்கே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள், எழுதிவிட்டேன்.

செட்டுக்கார பாய் கடையை மூடிப் பல வருடமாகிவிட்டது. அதிராம்பட்டினத்தில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். மார்கழியில் பட்டுக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கைலி. நான் இன்ன ஊர், இன்னார் மகன் என்றதும், "உங்க தெரு மாரியம்மனுக்கு நாந்தானே செட்டு. வாங்க தம்பி, உக்காருங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அந்தப் படத்தில் கிட்டார் எப்படி வந்தது?

அவர் முதலில் சிரித்தார். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். "இத்தன வருசத்துல நீங்க ஒருத்தர்தான் தம்பி கேட்டு வந்திருக்கீங்க" என்றார்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவுக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து அந்த ஒலிச்சித்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். தகப்பன் முழிக்காதே என்று சொன்னதுதான் தாமதம், கரண்ட் போய் ரேடியோ நின்றுவிட்டது. பேட்டரியில் ஓடிய டேப் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

"கரண்ட் வந்தப்ப அந்தம்மா அழுது முடிச்சிட்டாங்க. பையன் பட்டணத்துல இருக்கான். புதன்கிழம எனக்கு ஒரு கல்யாணம். அந்தப் படந்தான் வேணும்னு சொல்லிட்டாங்க. நடுவுல மூணு நிமிசம் சும்மா ஓடுனா என்ன ஆவும்? குழாய் பேசாம நின்னா, செட்டு கெட்டுப்போச்சும்பாங்க. மானம் போயிடும் தம்பி."

அவருடைய மச்சான் சபர் போனவர். கடல் கடந்து பிழைக்கப் போவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கப்பலில் சமையல்காரர். ஸ்பெயின் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கிய கேசட்டைப் பாய்க்கு என்று கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மேலே ஒரு கிட்டார் படம், மற்றதெல்லாம் புரியாத எழுத்து. பாய் அதை ஒரு டேப்பில் ஓடவிட்டு, இன்னொரு டேப்பை எதிரில் வைத்து, சரியாக அந்த வெற்றிடத்தில் பதிவு செய்திருக்கிறார். அறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி, சாப்பிட வராத புருஷனைக் கூப்பிட்டிருக்கிறார். சோறு ஆறுது. சோறு ஆறுது.

"அழிச்சிட்டுத் திரும்பப் பிடிக்கலாம்னு பாத்தேன், நேரம் இல்ல. அப்படியே போட்டுட்டேன். பந்தியில நின்ன பொம்பளைங்கல்லாம் முந்தானைய எடுத்து மூக்க சிந்துறாங்க. அதுக்கப்புறம் எங்க அழிக்கிறது? அவ ரெண்டு நாளு என்கிட்ட பேசல. என் சத்தத்தப் பதினாலு ஊருக்குக் கேக்க விட்டுட்டீங்களேன்னு சண்ட. அப்புறம் அவளே, எங்கயாவது செட்டு கட்டிட்டு வந்தா, இன்னிக்கி யாராச்சும் அழுதாங்களான்னு கேப்பா."

மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது என்றார். வாழ்நாள் முழுக்க நான் வியந்த அந்த எழுத்தை எழுதியவர் பாய் வீட்டம்மாதான்.

கேசட் இருக்கிறதா என்று கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. அக்காவின் காதைப் பற்றிச் சொன்னேன். மழை பெய்யும்போது மழை விட்டதா என்று கேட்டதைச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போய், ஒரு துணிப்பையில் சுற்றிய கேசட்டையும் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றையும் கொண்டுவந்தார்.

"இத நான் அடிக்கடி போடுறதில்ல. ஓட ஓடத் தேஞ்சுடும். வருசத்துக்கு ஒருவாட்டி, அவ மவுத்தான நாளுக்கு மட்டும் போடுவேன். இந்த வருசத்துக்கு உங்கக்காவுக்குப் போட்டதா இருக்கட்டும். கேசட்ட மட்டும் கேட்டுடாதீங்க தம்பி."

பஞ்சில் எதையோ தொட்டு டேப்பின் தலையை நிதானமாகத் துடைத்தார். நான் செல்லை அருகில் வைத்துப் பதிவைப் போட்டேன். தகப்பன் கர்ஜித்தார். டக் என்று ஒரு சத்தம். அந்த டக் எனக்கு ஞாபகமே இல்லை, ஆனால் கேட்டதும் தெரிந்தது. பிறகு கிட்டார். "சோறு ஆறுது" வந்தபோது பாய் மடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மகள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். நான் அழுதேன், அதை மறைக்கவும் இல்லை.

அன்று மாலையே மகளுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "அப்பா, இது ஃப்ளமெங்கோ. ஸ்பெயின்ல தெக்குப் பக்கத்து இசை. வயல்ல, கொல்லுப்பட்டறையில வேலை செஞ்சவங்க நடுவுலேர்ந்து வந்ததாம்" என்று படபடவென்று சொன்னாள். வாசித்தவர் பேரையும் சொன்னாள். நான் அதை எழுதினால் தப்பாகத்தான் எழுதுவேன். இரைச்சலே இல்லாத நல்ல பதிவு ஒன்றையும், கூரியரில் ஒரு பெரிய ஹெட்போனையும் அனுப்பினாள்.

ஹெட்போன் வந்து சேர்ந்த அன்றே ஊருக்குப் போனேன். பதினொரு மணி இருக்கும். அக்கா வாசலில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்து நின்று இரண்டு தரம் கூப்பிட்டும் திரும்பவில்லை. நிழல் விழுந்த பிறகுதான் பார்த்தாள். பிந்திவிட்டோமோ என்று பயந்தேன். நாற்காலியில் உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் இடது காதில் கத்தினேன். கரண்ட் போனது, கப்பல், பாய் வீட்டம்மா, எல்லாவற்றையும். தெருவே கேட்டது. எதிர்வீட்டுக்காரி வெளியே வந்து, "அப்ப அது படத்துல இல்லியா?" என்று திகைத்துப்போய் நின்றாள்.

"படத்துல இல்லன்னா படந்தான் தப்பு" என்றாள் அக்கா. "நீ போடு."

காது மந்தமானவளுக்கு இரைச்சல் வேண்டாம் என்று மகள் அனுப்பிய நல்ல பதிவைத்தான் முதலில் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். அவளுக்குக் கேட்டது என்று தெரிந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் முடிவதற்குள்ளேயே ஹெட்போனைக் கழற்றினாள். "இது என்னமோ வெளியூரு மாப்ள மாதிரி இருக்கு. அந்தம்மா கூப்புடுவாளே, அது எங்க?"

அதிராம்பட்டினத்தில் எடுத்த பதிவை முழுச் சத்தத்தில் வைத்துப் போட்டேன். தகப்பன் பேசும்போது அவள் உதடும் கூடவே அசைந்தது. பிறகு இரண்டு கையாலும் ஹெட்போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலத்தில் யாராவது பையன் இருந்திருப்பான், அவன் ஞாபகமாக இருக்கும் என்று நானும் மனைவியும் எங்களுக்குள் பேசிச் சிரித்திருக்கிறோம். இப்போது அவள் முகத்தைப் பார்த்தால் காதல் மாதிரித் தெரியவில்லை. எதையோ பார்த்துச் சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி இருந்தாள்.

முடிந்தது. கழற்றினாள்.

"இம்புட்டுதானா?"

"பிடிக்கலையாக்கா?"

"எம்புட்டு நேரம்டா இது?"

செல்லைப் பார்த்துவிட்டு இரண்டு விரலைக் காட்டி, மூன்றாவதைப் பாதி மடக்கிக் காட்டினேன். "ரெண்டர நிமிசமா?" என்றாள். உளுந்து முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள். எங்கள் இருவருக்கும் நாற்பது வருடத்துக்கு மேல் தெரிந்த அந்தக் கிட்டாரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை அப்போதுதான் சொன்னாள்.

"மேலத்தெருவுல கல்யாணம். நாங்க நடவுல இருக்கோம். கர ஏறுற வரைக்கும் ஒருத்தியும் இடுப்ப நிமித்தக் கூடாது, தெரியுமில்ல? பண்ணையோட காரியக்காரரு குடையப் புடிச்சிக்கிட்டு வரப்புல நிக்கிறாரு. இது வந்துச்சு. என்னமோ ஆயிடுச்சுடா. நிமுந்துட்டேன். 'ஏய், குனிடி'ங்கிறாரு. 'இது முடியட்டும்'னேன்."

"அவருகிட்டயா?"

அவளுக்குக் கேட்கவில்லை. சொல்லிக்கொண்டே போனாள். "'முடியட்டும், நடுறேன்'னேன். அத்தன பேரும் குனிஞ்சிருக்காங்க, நான் ஒருத்தி நிக்கிறேன். அம்மா கீழேர்ந்து என் பொடவையப் புடிச்சு இழுக்குது. குனியலியே. முடியுற வரைக்கும் நின்னேன். அதுக்கப்புறந்தான் குனிஞ்சேன். மறுநாள்லேர்ந்து வேலைக்கு வராதேன்னுட்டாரு. ராவுல அம்மா வெளக்குமாறு பிய்யப் பிய்ய அடிச்சுச்சு."

நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த நடவு முழுக்க அம்மா மட்டும் தனியாக வேலைக்குப் போய் வந்தது ஞாபகம் இருக்கிறது. ராத்திரியில் கஞ்சி குறைந்துபோனதும் ஞாபகம் இருக்கிறது. காய்ச்சல்காரிக்குக் காலிலும் முதுகிலும் ஏன் வரி வரியாகத் தடித்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

"ரொம்ப நேரம் நின்னேன்னுல்லடா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள், ஏதோ நான் தப்பாக அளந்துவிட்ட மாதிரி. "அர நாளு நின்ன மாதிரி இருந்துச்சு. இத்தன வருசமும் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். ரெண்டர நிமிசத்துக்கா அம்மா என்னை அப்புடி அடிச்சுச்சு?"

நான் அவள் இடது காதுக்கு அருகே குனிந்து, ரொம்ப நேரந்தாங்க்கா நின்ன, ரொம்ப நேரந்தான் என்று கத்தினேன். என் குரல் உடைந்துபோனது அவளுக்குக் கேட்டிருக்காது. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாள். என் கன்னத்தில் உளுந்துத் தூசியோடு ஒரு தட்டுத் தட்டினாள்.

"இன்னொருவாட்டி போடு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுந்தாள். முழங்கால் வலிக்கும், உட்கார்ந்தே கேளு என்றேன். கேட்கவில்லையோ, கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாளோ, தெரியாது. ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, மெல்ல மெல்ல இடுப்பை நிமிர்த்தி, நேராக நின்றாள். நான் போட்டேன்.